பொறை எப்போ சாப்பாடாச்சு?

என் வீட்டுக்காரருக்குப் பசி என்று ஒன்று வந்து நான் பார்த்ததில்லை. வாய் நமநமவென்றுதான் வரும். காலையில் இட்லியை உள்ளே தள்ளிவிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள், "வாய் இன்னாமோ நமநமன்னு கீதும்மே" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நமநமவென்று இருந்தால் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வேண்டியதுதானே? அதற்கு எதற்கு ஒரு பாக்கெட் மிக்சர்?

எப்போதும் இப்படி இருந்த ஆள் இல்லை. சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் லேத் மெஷின் முன்னால் நின்றவர். இரும்பைக் கடைந்து எடுக்கிற டர்னர் வேலை. கை முழுக்க எண்ணெயும் இரும்புத்தூளும் இருக்கும்போது யார் எதை எடுத்து வாயில் போட முடியும்? மணி அடித்தால் ஒரு டீ, மத்தியானம் நான் கட்டிக்கொடுத்த சோறு, அவ்வளவுதான். தொழிற்சாலையை மூடிக் கணக்கை முடித்து அனுப்பிய பிறகுதான் இந்த நமநம எங்கள் வீட்டுக்குள் வந்தது.

எங்கள் வீடு ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டையில். ஒரே மகளைப் பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்துவிட்டோம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறேன். காலையில் காலரும் பட்டனும் பார்க்க ஆரம்பித்தால் சாயங்காலம்வரை அதே காலர், அதே பட்டன். நான் கிளம்பின பிறகு வீட்டில் அவரும் டிவியும்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் குந்தினால் இடது கையில் ரிமோட், வலது பக்கம் டப்பா. ருசித்துத் தின்கிற மனுஷனாக இருந்தாலும் பரவாயில்லை. கண் டிவியில் இருக்கும், கை தன்பாட்டுக்குப் போகும், வாய் தன்பாட்டுக்கு அரைக்கும். டப்பா காலியானதும் கை அடியைத் துழாவும். அப்புறம் குனிந்து பார்த்துவிட்டு, நான் தின்றுவிட்ட மாதிரி என்னை முறைப்பார்.

"இன்னாத்துக்குய்யா இவ்ளோ துன்ற?" என்றால் ஒரே பதில்தான். "சும்மா."

சர்க்கரை நோய் முன்பே இருந்தது. எங்கள் தெருவில் அது இல்லாத வீடு எது? மாத்திரை போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினோம். ஒருநாள் புதுச் செருப்பின் வார் இடது காலில் கடித்து, சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒரு புண் வந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. தரையில் ஈரமாகத் தடம் தெரிந்ததால் நான்தான் முதலில் பார்த்தேன். ஆவடியில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஊசி முனையால் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டு, "தெரியுதா? இங்க தெரியுதா?" என்று கேட்டார். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "எங்க சார் தொட்றீங்க?" என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, சுகர் இறங்கினாதான் புண் ஆறும். ஆறலைன்னா காலையே எடுக்க வேண்டி வரும். புரியுதா?"

புரியாமல் என்ன? வாழ்க்கை முழுக்க நின்றே சம்பாதித்த மனுஷன். அந்தக் காலைக் காப்பாற்றிவிட வேண்டும் என்பதைத் தவிர அதற்கப்புறம் எனக்கு வேறு எண்ணமே இல்லை. வீட்டில் சோற்றை ஒரு கிண்ணமாகக் குறைத்தேன். ராத்திரிக்குக் கோதுமை தோசை. சர்க்கரை டப்பாவைத் தூக்கி எதிர்வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். இனிப்பு என்று ஒரு மிட்டாய்கூட வாசலைத் தாண்டவில்லை. மிக்சரும் காராசேவும் உள்ளே வந்துகொண்டுதான் இருந்தன. அதில்தான் இனிப்பே இல்லையே என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன், தெருவே அப்படித்தான் நினைத்தது.

புண் என்று கேள்விப்பட்டுச் சொந்தக்காரர்களும் எங்கள் சபைக்காரர்களும் பார்க்க வந்தார்கள். நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று எவர் எழுதி வைத்தாரோ தெரியாது. ஒருத்தர் பிரெட்டு, ஒருத்தர் பன்னு, ஒருத்தர் கிரீம் பிஸ்கட்டு. சுகர் புண்ணைப் பார்க்க கிரீம் பிஸ்கட்டோடு வருகிறார்களே என்று வயிறு எரிந்தது எனக்கு. அதைத் தலைமாட்டில் வைத்துவிட்டுக் கண்ணை மூடி உருக்கமாக ஜெபம் வேறு. ஆமென் சொல்லி நான் கண்ணைத் திறப்பதற்குள் இவர் பாக்கெட்டைப் பிரித்திருப்பார்.

வேலையிடத்தில் மத்தியானம்தான் போன் பேச விடுவார்கள். தினமும் கூப்பிடுவேன்.

"இன்னா சாப்ட்ட?"

"காலைல நீ வச்ச நாஷ்டாதான். அப்பால ஒண்ணியும் சாப்டல."

"நெஜமா?"

"அந்தாண்ட ஏசப்பா கீறாரு, நான் இன்னாத்துக்குப் பொய் சொல்லப் போறேன்?"

அவர் பொய் சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நான் அடித்துச் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு முறை ரத்தம் கொடுத்தாலும் சுகர் ஏறித்தான் வந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றினார். இன்னொரு மாத்திரை சேர்த்தார். அதற்கும் இறங்கவில்லை என்று ஊசி எழுதினார். மாதம் மாதமாகப் போய்க்கொண்டிருந்தது. கடுகளவு இருந்த புண் காசளவு ஆகிவிட்டது. "சோத்தைக் கொறைச்சாச்சி, ஸ்வீட்டை நிறுத்தியாச்சி, இன்னும் இன்னாதான் பண்றது ஆண்டவரே" என்று தினமும் ரயிலில் போகும்போது உள்ளுக்குள்ளேயே சண்டை போடுவேன்.

ஒருநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க நானும் கூடப் போனேன். ரத்தம் எடுக்கிற பெண்ணுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். பஞ்சை நனைத்துக்கொண்டே, "எதுவும் சாப்பிடலையே அங்கிள்?" என்று கேட்டாள்.

"ஒண்ணியும் சாப்டலம்மா."

எனக்கு ஏதோ உறுத்தியது. அவருடைய மீசையில் தூள் ஒட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் நான் சில்லறை மாற்றப் போன நேரத்தில் இவர் டீக்கடையில் நின்றிருந்தார்.

"யோவ், டீ குடிச்சியா நீ?"

"ஆமா, டீ குடிச்சேன்."

"கூட இன்னா?"

"ரெண்டு பொறை."

அந்தப் பெண் ஊசியைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டாள். பொறை என்றால் டீயில் தோய்த்துத் தின்கிற காய்ந்த ரொட்டி. எங்கள் பக்கத்து டீக்கடைகளில் கண்ணாடி ஜாடியில் எப்போதும் இருக்கும்.

"சாப்பிடலன்னு சொன்னீங்களே அங்கிள்?"

"சாப்டலதாம்மா."

"பொறை தின்னீங்களே அங்கிள்?"

இவருக்கு நிஜமாகவே குழப்பம். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பொறை எப்போம்மா சாப்பாடாச்சு?" என்றார். பின்னால் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் இவர் கட்சி. "அதானே, பொறை இன்னா வயித்துக்கா போவுது?" என்று ஒரு அம்மா. "நானும் ஒரு வர்க்கி பிஸ்கட்டு துன்னுட்டுதான் வந்தேன், எனக்கும் எடுக்க மாட்டியா?" என்று இன்னொரு பெரியவர். அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டரிடம் போய் உட்கார்ந்தோம். "ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் வந்தீங்களா?" என்று கேட்டார். "டீ இல்லாம எப்படி சார் காலைல பஸ் ஏர்றது?" என்றார் இவர். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "சரி. சாப்பாட்டை விடுங்க. நேத்து காலைலேர்ந்து ராத்திரிவரைக்கும் வாயில என்னென்ன போச்சு, அதை மட்டும் சொல்லுங்க."

இவர் எதையும் மறைக்கவில்லை. டீயோடு பொறை, டிவி பார்க்கும்போது மிக்சர், எதிர்க்கடையில் பட்டாணி, மத்தியானம் சும்மா நாலு முறுக்கு, நான் வருவதற்கு முன்னால் பிஸ்கட் என்று சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மாறியது. "மாவு பூரா சர்க்கரைதாங்க. காரமா இருந்தா என்ன, இனிப்பா இருந்தா என்ன? நான் மருந்து வேலை செய்யலைன்னு நெனச்சு மருந்தை மாத்திக்கிட்டே இருந்தேன். எத்தனை மாசம் வீணாப் போச்சு!" என்றார்.

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. நான் கேட்ட கேள்வி "சாப்ட்டியா?" அவர் சொன்ன பதில் "சாப்டல." எங்கள் ஊரில் சோறு துன்றதுதான் சாப்பாடு. இட்லி, தோசை நாஷ்டா. மற்றதெல்லாம் சும்மா. கல்யாண வீட்டில் வடை, பஜ்ஜி, கேசரி எல்லாம் தின்றுவிட்டு, "இன்னும் சாப்டல, பந்திக்கு வெயிட் பண்றேன்" என்கிற ஜனம்தானே நாங்கள்? டாக்டர் ஒரு தமிழ் பேசினார், நாங்கள் ஒரு தமிழ் பேசினோம். நடுவில் அந்தப் புண் வளர்ந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் டப்பாக்கள் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தேன். எதிர்க்கடைக்காரரிடம் போய், "இனிமே எங்க ஊட்டுக்காரரு கேட்டா எதுவும் குடுக்காதீங்கண்ணா, கால் போயிடும்னு சொல்லிகீறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் நல்ல மனுஷன். மறுநாள் இவர் போய் நின்றபோது எல்லோர் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டு, "வேணாம் அண்ணாத்தே, அண்ணி சொல்லிகீறாங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாக ஆரம்பித்தார். "கடைக்காரன்கிட்ட சொல்லி வச்சிகீறியா? நான் இன்னா குடிகாரனா? பொண்டாட்டி சொல்லி சரக்கு நிறுத்துற மாதிரி எனக்குப் பட்டாணி நிறுத்துற?"

"ஆமாய்யா, நிறுத்துவேன். காலை எடுத்துட்டாங்கன்னா நீ எதுல நடந்து போய்ப் பட்டாணி வாங்குவ?"

"எனக்குப் பட்டாணி வேணாம். நாள் பூரா நான் இன்னா பண்ணட்டும், அதச் சொல்லு."

அவரைக் காவல் காக்கிற மாதிரி ஒருநாள் லீவு போட்டுக் கூடவே உட்கார்ந்தேன். பெருக்கினேன், துவைத்தேன், சமைத்தேன். வேலை முடிந்து பார்த்தால் மணி இன்னும் பதினொன்றுகூட ஆகவில்லை. தெருவில் தண்ணீர் லாரி வந்து போனது. பழைய பேப்பர்காரர் கத்திக்கொண்டு போனார். டிவியில் யாரோ யாரையோ அறைந்தார்கள், மூன்று தடவை காட்டினார்கள். மத்தியானம் போல என் வாய் எதையோ அரைப்பது தெரிந்து குனிந்து பார்த்தேன். சட்னிக்கு வைத்திருந்த பொட்டுக்கடலை என் மடியில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்து, "சும்மாவா?" என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பகல் போக மாட்டேன் என்கிறது, அதை எப்படியாவது தள்ள வேண்டும், அதற்கு அவருக்குக் கிடைத்தது வாய் ஒன்றுதான். எனக்கு ஒருநாள் தாங்கவில்லை. அவருக்கு வருஷக்கணக்கில் இதே நாற்காலி.

என்னென்னவோ செய்து பார்த்தோம். வெள்ளரிக்காய் நறுக்கி வைத்தேன். "நான் இன்னா ஆடா?" என்றார். சீரகத்தை வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், டப்பாவைக் காலி செய்தார். மகள் போனில் சீட்டாட்டம் ஏற்றிக் கொடுத்தாள். ஒரு கை ஆடியது, ஒரு கை பிஸ்கட்டுக்குப் போனது. பாஸ்டர் வந்து, "நமநமன்னு வந்தா உடனே ஜெபத்துல உக்காந்துடுங்க ஐயா" என்றார். "அப்படிப் பார்த்தா நாள் பூரா ஜெபந்தான் பாஸ்டர். ஆண்டவருக்கே போரடிச்சிடும்" என்றார் இவர். பாஸ்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் இவரோடு பாடியில் வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் புண்ணைப் பார்க்க வந்தார். திருமழிசை எஸ்டேட்டில் ஒரு ஷெட் எடுத்து ரெண்டு லேத் போட்டிருக்கிறார். அவரும் வெறுங்கையோடு வரவில்லை. ஆனால் பையில் இருந்து அவர் எடுத்தது பிஸ்கட் இல்லை, கடைசலில் கெட்டுப்போன ஒரு இரும்புத் துண்டு.

"மாமே, இதப் பாரு. பசங்க பண்ற லட்சணம். ஆள் கெடைக்கல மாமே. ஸ்டூல் போட்டுத் தரேன், குந்திகினே ஓட்டு. காலைல வண்டில நானே இட்டுகினு போறேன், சாயங்காலம் நானே கொண்டாந்து உட்டுடறேன்."

இவர் அந்தத் துண்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தடவிய கை அப்புறம் டப்பா பக்கம் போகவில்லை. நான் டாக்டரிடம் போய்க் கேட்டேன். "உக்காந்து செய்யற வேலைன்னா போகட்டும். ஆனா ஷூ மட்டும் போடவே கூடாது, புண்ணை அழுத்தும். நான் குடுத்த மெத்துச் செருப்பைத்தான் போடணும்" என்றார்.

போன முதல் நாள் சாயங்காலம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர் மேல் அந்தப் பழைய எண்ணெய் வாசம். கை கழுவிவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்து நின்றார். "பசிக்குதும்மே" என்றார்.

சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். பசிக்கிறதாம்! அன்றைக்கு அவர் கோதுமை தோசையைத் தின்ற வேகத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னா துன்ன அங்க?" என்று கேட்டேன். இப்போது நான் உஷார், சாப்ட்டியா என்று கேட்பதில்லை. "எங்க துன்றது? கை பூரா ஆயில். டீயே ஆறிப்போச்சி" என்றார்.

மிக்சர் போன வழி தெரியவில்லை. யாரும் தடுக்கவில்லை, யாரும் புத்தி சொல்லவில்லை, அவருக்கே ஞாபகம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து டீயும் பன்னும் கொடுத்தார்கள். டீயை மட்டும் வாங்கிக்கொண்டு சிநேகிதரிடம் போனில் நூல் அளவு, மயிர் அளவு என்று ஏதோ பேசிக்கொண்டு நின்றார். ரத்தம் கொடுக்கப் போன அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தார். "இன்னிக்கு நெஜமாவே சாப்பிடலையே அங்கிள்?" என்று அந்தப் பெண் கேட்டாள். "பொறைகூட இல்லம்மா" என்றார். சுகர் இறங்கியிருந்தது. புண்ணின் ஓரம் காய்ந்து, உள்ளே சிவப்பாகச் சதை வந்திருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "கால் தப்பிச்சுது" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஸ்டூலைப் பற்றி நான் அடிக்கடி கேட்பேன். "குந்திகினுதான் ஓட்டறேன்" என்பார். டர்னர் குந்தி ஓட்டுவானா? கொஞ்சம் குந்துவார், கொஞ்சம் நிற்பார். அதெல்லாம் பெரிய விஷயமாக ஆகவில்லை. வந்தது வேறு வழியில் வந்தது.

லேத்தில் இரும்பைக் கடையும்போது சுருள் சுருளாகச் சீவல் வரும். அப்போது அது நெருப்பு. அதனால்தான் அந்த வேலைக்காரர்கள் எவ்வளவு வெயிலானாலும் ஷூவைக் கழற்ற மாட்டார்கள். இவர் காலில் டாக்டர் சொன்ன திறந்த செருப்பு. ஒருநாள் சாயங்காலம் வழக்கம்போல வெந்நீர் வைத்து அவர் காலைத் துடைக்க உட்கார்ந்தேன். அதே இடது காலில், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கருப்பாக ஏதோ இருந்தது. அழுக்கு என்று நினைத்து இழுத்தேன். வரவில்லை. இரும்புச் சுருள் ஒன்று சதைக்குள் வெந்து இறங்கி ஒட்டிக்கொண்டிருந்தது.

"யோவ்! இது இன்னாய்யா? எப்ப கால்ல உய்ந்துது?"

அவர் குனிந்து பார்த்தார். "தெர்லியேம்மே."

"வலிக்கலியா?"

"இல்லியே. இன்னிக்கு வேலை நல்லா ஓடிச்சி" என்றார், கொஞ்சம் சந்தோஷமாகவே.

அவர் ஷூ போட்டிருந்தால் பழைய புண் மறுபடி கிழிந்திருக்கும். போடாததால் இது வந்தது. வீட்டில் குந்தினால் தின்றார், வேலைக்குப் போனால் வெந்தார். நான் இன்றுவரை மாற்றி மாற்றி யோசித்துப் பார்க்கிறேன், அந்த மனுஷனுக்கு எந்தப் பக்கமும் ஒரு கதவு இருந்ததாகத் தெரியவில்லை. யார் சொன்னதையும் நாங்கள் மீறவில்லை. சொன்னபடி கேட்டுத்தான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம். இது என்ன நியாயம் என்று ஆண்டவரிடம் கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

ரெண்டே நாளில் கால் வீங்கிக் காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலில் விரல் என்றார்கள். அப்புறம் பாதம் என்றார்கள். கடைசியில் முட்டிக்குக் கீழே என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா கீதா?" என்று கேட்டேன்.

"திரும்ப ஊட்ல குந்தணுமாம்மே?" என்றுதான் கேட்டார்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். சிநேகிதர் வாசலிலேயே நின்று அழுதார். இவர், "உன் மேல இன்னா மாமே தப்பு, போய் மிஷினப் பாரு" என்று அனுப்பிவிட்டார். கட்டைக்கால் வைக்கலாம், நடக்கலாம், ஆனால் லேத் முன்னால் நிற்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

இனிமேல் மறுபடியும் அந்த நமநம வரும் என்று நான் காத்திருந்தேன். வந்தால் வரட்டும், கொஞ்சம் மிக்சர் கொடுத்துவிடலாம், இதற்கு மேல் என்ன போய்விடப் போகிறது என்றுகூட மனதைத் தயார் செய்துகொண்டேன். அது வரவில்லை. ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது, வரவே இல்லை. டிவியைப் போட்டால் பார்ப்பார், அணைத்தால் சுவரைப் பார்ப்பார். தட்டில் வைத்ததைத் தின்பார். பாதியில் தட்டை எடுத்தாலும் கேட்க மாட்டார். மகள் பூந்தமல்லியில் இருந்து வந்து, "நைனா, உனக்குப் புடிக்குமேன்னு முறுக்கு சுட்டாந்தேன் நைனா, ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சினாள். "வச்சிட்டுப் போம்மா" என்றார். அது அப்படியே நமுத்துப்போய், நான்தான் கொட்டினேன்.

"வாய் நமநமன்னு இல்லியாய்யா?" என்று ஒருநாள் நானே கேட்டேன். இந்தக் கேள்வியை நான் கேட்பேன் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் அவர்களைத் திட்டி அனுப்பியிருப்பேன். அவர் யோசித்துவிட்டு, "இல்லம்மே" என்றார். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு, "எதுவுமே இல்ல" என்றார்.

போன மாதம் ஆவடி டாக்டரிடம் போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அருமை! சுகர் எவ்வளவு கண்ட்ரோல்ல இருக்கு பாருங்க. இப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க" என்றார். பக்கத்தில் ஒரு பருத்த ஆள் தன் ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவரிடம், "நொறுக்குத்தீனியை விட முடியலன்னு சொல்றீங்களே, இவர்கிட்டக் கேளுங்க. என்னமா விட்டுட்டார்!" என்றார். அந்த ஆளும் பாவம், அக்கறையாக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, "எப்படி அண்ணாத்தே உட்டீங்க?" என்று கேட்டார்.

"நான் உடல நைனா" என்றார் இவர்.

எனக்கு அந்த ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது. எந்த எண்ணுக்காக ஒரு வருஷம் தவம் கிடந்தேனோ அந்த எண் வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வெளியே வந்து ஆட்டோ பிடித்து, ஆட்டோக்காரரும் நானுமாக அவரைத் தூக்கி ஏற்றினோம். கொஞ்ச தூரம் போனதும் ரோட்டோரம் ஒரு தள்ளுவண்டியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனதில் என்ன புகுந்ததோ, "நிறுத்துப்பா" என்று சொல்லி இறங்கி, சூடாக ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தேன். பிரித்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"துன்னு."

"வேணாம்மே. நீ துன்னு."

"ஒண்ணு துன்னுய்யா. நான்தான சொல்றேன், துன்னு!" என்று கத்தினேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். ஒரு டப்பா காலியானதற்கு என்னை முறைத்த அந்த மனுஷன் எங்கேயாவது உள்ளே இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும் எனக்கு, அவ்வளவுதான்.

அவர் ஒரு பஜ்ஜியை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். கண் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. மென்றுகொண்டே இருந்தார்.

"முழுங்குய்யா" என்றேன்.

முழுங்கினார். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னொண்ணு துன்னணுமா?" என்று கேட்டார்.